தனியே விடப்பட்டவளும் தானே படிப்பவளும்

கலையைத் தானே தேடிப் படித்துத் தேர்ந்தவர்களுக்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை. பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி இசை படித்தார். அல்லிநகரத்துப் பாரதிராஜா எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் சேராமல், உதவி இயக்குநராக வேலை பார்த்தே இயக்குநரானார். 1976இல் ‘அன்னக்கிளி’, 1977இல் ‘16 வயதினிலே’. பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. மெட்ராஸுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் சேர்க்கை.

அதே காலத்தில், அதே ஊர்களில், நாற்று நடவிலும் களையெடுப்பிலும் பாடிய பெண் ஒருத்திக்கு இந்தப் படிப்பு கிடைத்திருக்குமா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பயணச் சீட்டுக்குக் காசு இல்லை என்பது மட்டும் காரணமில்லை. ‘தானே முன்னுக்கு வந்த’ ஆண்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கல்லூரி இருந்தது. தங்க ஒரு மேன்ஷன் அறை, ராத்திரி பன்னிரண்டு மணி வரை வாதம் செய்ய ஒரு டீக்கடை, கூடவே சுற்றும் அண்ணனோ நண்பனோ, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். இத்தனையும் சேர்ந்த ஏற்பாட்டுக்குத்தான் சுயமுயற்சி என்று பெயர். ஒரு பெண் தன் கலைப் பட்டப்படிப்பைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று பெண்ணியக் கல்வி சொல்லும்போது, இந்த ஏற்பாட்டை அவளுக்கு யார் செய்து தருவது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அந்த முறையின் பலம், பலவீனம் இரண்டும் அதில்தான் இருக்கின்றன.

முறை புதியதல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1938இல் தொடங்கிய காடார்டு கல்லூரி, 1963இல் குடும்பமும் வேலையும் உள்ள பெரியவர்களுக்கென்றே ஒரு பட்டப்படிப்பை உருவாக்கியது. முன்னின்று அமைத்தவர் எவலின் பேட்ஸ் என்ற பெண். பின்னாளில் நிலைபெற்ற வழக்கம் இது: பருவத் தொடக்கத்தில் ஒரு வாரம்போலக் கல்லூரியில் தங்குவது. என் கேள்வி என்ன, எதையெல்லாம் படிப்பேன், கடைசியில் எதை எழுதி அல்லது செய்து காட்டுவேன் என்று வழிகாட்டியோடு உட்கார்ந்து திட்டம் போடுவது. பிறகு வீட்டுக்குப் போய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை எழுதியதைக் கட்டாக அனுப்புவது. வழிகாட்டி பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிப் பதில் போடுவார். மதிப்பெண் இல்லை; என்ன கற்றாய், எங்கே தடுமாறினாய் என்ற எழுத்து மதிப்பீடுதான். 1970களில் இக்கல்லூரி கேம்பிரிட்ஜ் நகரில் நடத்திய முதுகலைத் திட்டத்தில் பெண்ணியப் படிப்புக்கு இடமிருந்தது. பெண்ணியக் கல்விக்கும் இந்த முறைக்கும் ஒத்துப்போனதில் வியப்பில்லை. அறிவு என்பது மேடையிலிருந்து இறங்குவது மட்டுமல்ல, வாழ்ந்தவளின் அனுபவமும் பாடம்தான் என்பது இரண்டுக்கும் பொது.

இந்த முறையின் இரண்டு பாதிகளும் தேனி மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றையொன்று சந்தித்ததில்லை, அவ்வளவுதான்.

முதல் பாதி மகளிர் கல்லூரி. இந்தப் பக்கத்துப் பெண் பட்டம் படிக்க வேண்டுமானால் ஒரு காலத்தில் மதுரைக்குத்தான் போக வேண்டும்: 1948இல் வந்த லேடி டோக், 1953இல் வந்த பாத்திமா. 1971இல் பெரியகுளத்தில் புனித அன்னாள் சபைக் கன்னியர் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரியைத் தொடங்கிய பிறகுதான், காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் தூரத்துக்குப் பட்டம் வந்தது. இன்று தேனியில் நாடார் சரஸ்வதி, கம்பத்தில் ஆதி சுஞ்சனகிரி என்று மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. 1984இல் கொடைக்கானலில் மாநில அரசு பெண்களுக்கென்றே தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் மகளிரியலுக்குத் தனித் துறை உண்டு. பெரியகுளம் கல்லூரி இப்போது அதன் இணைவில்தான் இருக்கிறது. ஆக, மலைமேல் ஒரு மகளிரியல் துறை, அடிவாரத்தில் பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரிகள். பெண்ணியக் கல்விக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

வேண்டியது நிறைய. மகளிர் கல்லூரி பெண்ணைக் கூட்டிவந்து உட்கார வைத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் எழுபதுகளின் கம்பத்தை அறியாதவர்கள். ஆனால் உட்கார்ந்தவள் என்ன கேட்கலாம் என்பதைப் பாடத்திட்டக் குழு முடிவு செய்துவிடுகிறது. பெண்ணியமே ஐந்து அலகுகளாகப் பிரிந்து வருகிறது. தாராளவாதப் பெண்ணியம், மார்க்சியப் பெண்ணியம், தீவிரவாதப் பெண்ணியம் என்று வகை சொல்லி, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விளக்கமும் பத்து மதிப்பெண் கேள்விக்குக் கட்டுரையும் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ்வரும் கல்லூரிகளில் ‘பாலினக் கல்வி’ என்ற தாளுக்கு ஒரு கிரெடிட் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடப் படிப்பில் அந்த ஒன்றின் எடையை மாணவிகள் சரியாகவே புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது பாதி தொலைநிலைக் கல்வி. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் படிப்பு 1970களிலிருந்தே இந்தப் பள்ளத்தாக்கில் பட்டதாரிகளை உண்டாக்கியிருக்கிறது. 1985இல் இக்னோ, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். கல்யாணம் ஆனபின், குழந்தை பிறந்தபின், பால்வாடி வேலைக்குப் போய்க்கொண்டே பி.ஏ. முடித்த பெண்ணைத் தேனியில் தெருவுக்கு ஒருத்தியாவது காட்ட முடியும். இக்னோவில் மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை இழுக்கலாம். பிரசவத்துக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் இடம் விட்ட காலக்கணக்கு அது. எந்தப் பெண்ணியவாதியும் பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

குறை வேறிடத்தில். ‘தானே கற்கும் நூல்’ என்ற பெயரோடு புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. எப்போது படிப்பது என்பது அவள் இஷ்டம். எதைப் படிப்பது, எதற்காகப் படிப்பது என்பது இல்லை. நேரத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பிடுங்கிக்கொண்ட சுதந்திரம் அது. சந்தேகம் கேட்க ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பு உண்டு. அந்த வகுப்பு நடக்கும் கல்லூரிகளின் வாசலைப் பார்த்தால் போதும்: மரத்தடியில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு மாமியார், பைக்கில் சாய்ந்து செல்போன் பார்க்கும் கணவன், உள்ளே அறுபது பேருக்கு ஒருவர் ஒரு புத்தகத்தை மூன்று மணி நேரத்தில் ‘முடித்து’க்கொண்டிருப்பார். முக்கியக் கேள்விகளைக் குறித்துக்கொடுக்கச் சொல்லும் குரல்தான் அதிகம் கேட்கும். ஒப்படைப்பு எழுதும் வேலை இன்னும் எளிது. போன வருடம் எழுதியவரின் தாளை ஜெராக்ஸ் கடையில் வாங்கிப் பார்த்து எழுதலாம். அதற்கும் நேரமில்லையென்றால் காசுக்கு எழுதித்தர ஆள் உண்டு. இவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்தத் தாளைத் திருத்துகிறவர் ஒரு வரி பதில் எழுதப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். யாரும் படிக்காத கடிதத்தை யார் சிரத்தையாக எழுதுவார்கள்?

தனியே விடப்படுவதும் தானே படிப்பதும் வேறு வேறு. நம் தொலைநிலைக் கல்வி முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரைச் சூட்டிக்கொண்டது. காடார்டு முறையின் உயிர் அந்த மூன்று வாரக் கடிதத்தில் இருந்தது.

சரி, கேள்வியை அவள் கையிலேயே கொடுத்தால் என்ன படிப்பாள்? போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்; எதிரே காய்க் குவியல். பச்சை மாறாதது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது, பூச்சி அரித்தது தனித்தனி. பெரிய காயான ‘எட்டு எம்எம்’முக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. சல்லடை அளவைத்தான் பிரிக்கும். நிறத்தையும் பழுதையும் விரல்தான் பிரிக்கும். அந்தப் பெண்ணின் கண்ணும் விரலும் இல்லாமல் அந்த விலை இல்லை. ஆனால் அந்தத் திறமைக்குச் சான்றிதழ் கிடையாது; கேட்டால் ‘பொறுக்குற வேலை’ என்று அவளே சொல்வாள்.

இந்த ஒரு வேலையைக் கேள்வியாக வைத்து மூன்று வருடப் பட்டப்படிப்பு வகுக்க முடியும். திருவிதாங்கூர் ஆட்சியில் ஏலமலை எப்படிக் குத்தகைத் தோட்டங்களானது என்பது வரலாறு. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியும் முன்னே ஜீப்பில் அடைந்துகொண்டு இடுக்கி மலைக்குப் போகிற பெண்களின் கூலி பொருளாதாரம். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது சட்டப் பாடம். ஜீப்பில் வரும் பேச்சு, கேலி, பாட்டு, சண்டை எல்லாம் மொழியும் இலக்கியமும். பாடத்திட்டக் குழு இவற்றை நாலு துறைகளில் நாலு தாளாக வெட்டிவிடும். அவளுக்கு இது ஒரே வாழ்க்கை. சுயமாக வகுத்த படிப்பின் ஆகப் பெரிய பலம் இந்த ஒட்டுமொத்தம்தான்.

பலத்தோடு சேர்ந்தே வருகிறது ஆபத்து. காப்பகம் இல்லாத தோட்டத்தை அவளுக்குத் தெரியும். காப்பகம் வேண்டும் என்று சொன்ன சட்டத்தைத் தெரியாது. தெரியாத ஒன்றைத் திட்டத்தில் எழுத யாராலும் முடியாது. அனுபவத்தை மட்டும் நம்பி வகுத்த படிப்பு, வீட்டு வாசலைச் சுற்றிச் சுற்றி வரும். ‘பெண்ணுக்குத் தேவையானது இதுதான்’ என்று சிறிய வட்டம் போடும் பழக்கம் மகளிர் கல்வியின் பழைய நோய். 1916இல் கார்வே தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம் தாய்மொழியில் பட்டப்படிப்பைக் கொடுத்து அசாதாரணமான காரியம் செய்தது. கூடவே இல்லப் பராமரிப்பையும் பாடமாக்கி வைத்தது. அன்று வட்டத்தை ஆண்கள் போட்டார்கள். நாளை அவளே போட்டுக்கொண்டால் வட்டம் பெரிதாகிவிடாது. அதனால் முதல் வருடம் முழுக்க சுயமாக வகுப்பதை நான் ஒப்பமாட்டேன். இலக்கியம், வரலாறு, கொஞ்சம் புள்ளியியல், ஆங்கிலம் வாசிக்கும் பயிற்சி இவற்றைக் கட்டாயமாகப் படிக்கட்டும். கேள்வி கேட்கத் தெரிந்தபின் மூன்றாம் வருடத்தை அவள் கையில் கொடுக்கலாம்.

கேள்வி யாருடையது என்பது இந்த மண்ணில் வெறும் கல்விக் கொள்கை விவாதம் இல்லை. 1986இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி ஒரு தில்லிப் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த ஆய்வாளர்கள், தொண்டு நிறுவனங்கள், செய்தியாளர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தேனிக்கும் விரிந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதே, உயிர்கள் சம்பந்தப்பட்டது. ஆனால் ஒரு தலைமுறைப் பெண்களிடம் கூலி, நிலம், தண்ணீர், பாட்டு, சாமி எதைப் பற்றியும் யாரும் கேட்காமல் இதை மட்டும் கேட்டார்கள். அவர்கள் தகவல் கொடுப்பவர்களாகவே இருந்துவிட்டார்கள். பெண்ணியக் கல்விக்கும் இந்தத் தவறு நேரலாம். வழிகாட்டிக்குப் பிடித்த கேள்வியையே மாணவி ‘தன் கேள்வி’யாக எழுதிக்கொண்டு வருவாள், மதிப்பெண் இல்லாத இடத்தில் வழிகாட்டியின் முகம்தான் மதிப்பெண். தேர்வுத்தாளுக்கு மறுகூட்டல் கேட்கலாம். முகத்துக்கு யாரிடம் மேல்முறையீடு?

அடுத்தது சாதி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அனுபவத்தைப் பேசுவது பெண்ணிய வகுப்பறையின் அடிப்படை. கம்பத்தில் அப்படி ஒரு வட்டத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்ணும் இருப்பாள், அதே தோட்டத்தில் கொத்து அறுக்கிற பெண்ணும் இருப்பாள். இருவருமே கல்யாணத்தால் படிப்பை விட்டவர்கள். அதுவரை ஒற்றுமை நிஜம். அதற்கப்புறம் யார் அனுபவம் ‘பெண்களின் அனுபவம்’ ஆகும் என்பது யார் தயங்காமல் பேசுகிறார்களோ அவர்களைப் பொறுத்தது. பொதுப் பாடத்திட்டத்துக்கு எத்தனை குறை இருந்தாலும், அந்த இரண்டு பெண்களுக்கும் அது ஒரே புத்தகத்தைக் கொடுக்கிறது. சுயமாக வகுக்கும் படிப்பில் ஒருத்திக்கு நூலகமும் இன்னொருத்திக்கு வாழ்க்கைக் கதையும் பாடமாகப் போய்விடக் கூடாது.

இன்னொரு தடையைப் பெண்ணியக் கோட்பாட்டு நூல்களில் நான் கண்டதில்லை. தேர்வு இல்லாத படிப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் தேர்வுதான் பெண்ணுக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு. “பரிச்ச வருதுல்ல, படிக்கட்டும் விடு” என்று மாமியார் சொல்லும் அந்தப் பத்து நாளில்தான் அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்து புத்தகத்தோடு உட்கார முடிகிறது. பரீட்சையே கிடையாது, எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் படிக்கிறேன் என்று அவள் சொன்னால், “அப்புறம் அது என்ன படிப்பு?” என்று கேட்பார்கள். ஹால் டிக்கெட்டைக் காட்டித்தான் ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு பஸ் ஏறுகிறாள். தேர்வின் அதிகாரத்தைக் குறை சொல்கிறவர்கள், அந்த அதிகாரத்தை வீட்டுக்குள் அவள் எப்படிக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். காடார்டு முறையில் கல்லூரியில் தங்கும் வாரம் இருந்ததே, அது இங்கே இன்னும் அவசியம்: தேதி போட்ட, முத்திரை வைத்த, வீட்டில் காட்டக்கூடிய ஒரு கடிதத்தோடு.

பட்டத்தின் மதிப்பு என்ற கசப்பான பேச்சுக்கும் வந்தாக வேண்டும். தேனியில் பி.ஏ. படிப்பவர்களில் பெரும்பாலோர் டிஎன்பிஎஸ்சியை மனதில் வைத்தே படிக்கிறார்கள். பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியே நேராகப் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009 ஆகஸ்டில் வந்த 107ஆம் எண் அரசாணை சொல்லிவிட்டது. எட்டாவதோடு நிறுத்தப்பட்டு முப்பது வயதில் திரும்பிப் படிக்க வந்தவளுக்கு ஒரு அரசு நிறுவனம் கதவைத் திறந்தது, இன்னொரு அரசுத் துறை முடிவில் மூடியது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபோது, தொலைநிலையிலும் திறந்தநிலையிலும் படிப்பவர்களுக்கு அது கிடையாது என்று விதி வைத்தார்கள். அந்த ஆயிரம் ரூபாய் மிக அதிகம் தேவைப்படுகிறவள் கல்லூரிக்குப் போக முடியாதவள்தான். இருக்கும் திறந்தநிலைப் பட்டத்துக்கே இந்தக் கதி என்றால், ‘ஏலக்காயும் பெண் உழைப்பும்’ என்று தானே பாடம் வகுத்தவளின் சான்றிதழை எந்தச் சமானக் குழு ஏற்கும்?

இதனால்தான் பட்டத்தையே விட்டுவிடலாம் என்று ஒரு கட்சி உண்டு. 1989 வாக்கில் கர்நாடகம், குஜராத், உத்தரப் பிரதேசத்தில் தொடங்கிய மகிளா சமாக்யா திட்டம், எதை எப்போது கற்பது என்பதைக் கிராமத்துப் பெண்கள் சங்கமே முடிவு செய்யட்டும் என்றது. உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ பத்திரிகையை நடத்திய கிராமத்துப் பெண்கள் எந்த இதழியல் பட்டதாரிக்கும் குறைந்தவர்களில்லை. மதிப்புக்குரிய வேலை. ஆனால் பட்டம் வேண்டாம் என்பதைப் பட்டம் இருப்பவர்கள் சொல்லும்போது எனக்கு உறுத்தும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவளிடம், ‘உன் அனுபவமே பட்டம்’ என்று சொல்வது அவளை இன்னொரு முறை வெளியே நிறுத்துவதுதான்.

காடார்டு கல்லூரி 2024இல் மூடப்பட்டது. சேர்க்கை குறைந்தது, பணம் போதவில்லை. சுயமாகப் படிப்பவருக்கு ஆசிரியர் செலவு குறையும் என்பது பலருடைய எண்ணம், உண்மை நேரெதிர். வகுப்பில் அறுபது பேருக்கு ஒரு ஆசிரியர் போதும். ஒவ்வொருத்தியின் கேள்வியையும் படித்து, மூன்று வாரத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் ஒருவரால் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் பார்க்க முடியும். மாணவர் கட்டணத்தை நம்பிய தனியார் கல்லூரி அதைத் தாங்கவில்லை. அரசு தாங்குமா என்பதுதான் இங்கே கேள்வி, ஏனென்றால் ஆள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் முனைவர் பட்டத்தோடு, மாதம் 25,000 ரூபாய்க்கு, வருடத்தில் பதினோரு மாதம் மட்டும் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்களில் பெண்கள் ஏராளம். தேனி மாவட்டத்திலும் வீரபாண்டி, ஆண்டிபட்டி என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த விரிவுரையாளர்களில் ஐந்து பேரை நிரந்தரமாக்கி ஆளுக்குப் பன்னிரண்டு பெண்களை ஒப்படைத்தால் அறுபது பேர். தொடர்பு வகுப்பில் ஒரே அறையில் அடைபடும் அதே அறுபது. மகளிரியல் துறை கொடைக்கானலில் இருக்கிறது, தமிழில் பாடநூல் தரும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 107ஆம் அரசாணையில் ஒரு விதிவிலக்கும், புதுமைப் பெண் விதியில் ஒரு திருத்தமும் வேண்டும்.